நாற்பத்தொன்றாம் பை

பரமட்டா வீதியில் தூசு பொறுக்குகிறேன்.
அதற்கு மணிக்கணக்கில் சம்பளம்.

பிளாஸ்டிக் முறம், பன்றிமயிர்த் தூரிகை.
உலோகம் தேடிப் போகிறவள்
உலோகத்தோடு போகக்கூடாது, மோதிரமும் கழற்றித்தான்.
காலை நாலரை, லொறிகள் பெருகுமுன்
சாக்கடை விளிம்பில் குந்தியிருந்து
பத்துக் கூட்டு, ஒரு பை, ஓர் இலக்கம்.
பெற்றோல் நிலையத்து நேபாளப் பெடியன் கேட்டான்:
என்னத்தைத் தொலைத்தாய்?
ஒன்றும் தொலையவில்லை, அதுதான் பிரச்சினை என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே வந்து பார்க்கட்டும்:
பிரேக் கட்டையின் செம்பு,
டயரின் துத்தநாகம்,
இரண்டும் ஒரே சல்லடையில், ஈயத்துக்குப் பக்கத்தில்,
இளிக்கப் பல்லில்லாமல்.
சிவப்பு விளக்கை நெருங்க நெருங்கச் செம்பு கூடும்.
நின்ற ஒவ்வொருவரும்
கொஞ்சம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஈயம் பழசு.
பெற்றோலில் இப்போது அது இல்லை என்கிறார் ஹாமிஷ்,
ஆய்வுகூடத்தில் சல்லடை ஆட்டுகிறவர்.
நிறுத்திப் பல வருடம். வீதி நிறுத்தவில்லை.
அதன் அணுக்களை நிறுத்துப் பார்த்தால்
எந்த மலையில் வெட்டியது என்றும் சொல்லலாமாம்:
புரோக்கன் ஹில். இதே மாநிலம், மேற்குக் கோடி.
கப்பலேறிப் போய், அக்கரையில் திரவமாகி,
பீப்பாயில் திரும்பி வந்து
புகையாய் இறங்கியது.
யாரும் அதைத் தீவுக்கு அனுப்பவில்லை.

மூன்று அதிகாரிகள், இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்,
ஒன்பது வருடம் என்னிடம் கேட்டதும் இதைத்தான்:
எங்கிருந்து வருகிறாய்?
திரும்பத் திரும்ப ஒரே ஊரைத்தான் சொன்னேன்.
ஈயம் ஒரு தடவை சொன்னது,
நம்பிவிட்டார்கள்.

யதுர்ஷா சனிக்கிழமைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு.
அவளுக்காக உலோகப் பெயர்களைத்
தமிழில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
ஈயம் என்பதை ஈழம் என்று வாசித்தாள்.
ஓர் எழுத்துத்தான் பிள்ளை வித்தியாசம் என்று திருத்தினேன்.
திருத்தும்போது நாக்கில் ஏதோ இனித்தது.
ஈயமும் இனிக்குமாம்;
பழைய பெயின்ற் உரிவதைக்
குழந்தைகள் தின்பது அதனால் என்கிறார்கள்.

நாற்பது பைகள். வரைபடத்தில் நாற்பது புள்ளிகள்.
நாற்பத்தொன்றாவதை எங்கள் யன்னல் நிலையில் எடுத்தேன்.
வீதி பார்த்த யன்னல்.
யதுர்ஷாவின் தம்பி, ஒன்றரை வயது,
அதில் நாடியை ஊன்றிக்கொண்டு பஸ் எண்ணுவான்.
எல்லாப் பஸ்ஸும் அவனுக்கு ரெண்டு.
நிலையின் ஓரத்தில் நாலு பல்லடையாளம்.

நாற்பத்தொன்று எங்கே, வரைபடத்தில் காணவில்லையே என்றார் ஹாமிஷ்.
பக்கத்தில்தான் என்றேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை ஒரு தாளை மடித்து
என் கையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.
கேத்தில் கொதித்து அணைந்த பிறகும்
அங்கேயே நின்றார்.

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன்.
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல
என்றுதான் சொல்லிப் பழக்கம்.
இது காய்ச்சியதல்ல.
அறையின் சூட்டில், தாளின் எடையில் இருந்தது.

திங்கள் காலை இரத்தம் எடுக்க நேரம் கேட்டிருக்கிறேன்.
வாடகை ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதம்.
வீட்டுக்காரருக்கு எழுதத் தொடங்கிய கடிதம்
'மதிப்புக்குரிய' என்பதோடு நிற்கிறது.

துண்டுப்பிரசுரம் சொல்கிறது:
கூட்டாதீர்கள், எழும்பும்.
ஈரத் துணியால் துடையுங்கள்.
நாள் முழுதும் கூட்டுகிறவள் துடைத்தேன்,
நிலையை, சட்டத்தை, அவன் பல் பதிந்த பள்ளங்களைத்
தீக்குச்சியில் துணி சுற்றி.

மூன்றாவது துணியும் கறுத்துவிட்டது.
கீழே யாரோ சிவப்புக்குப் பிரேக் பிடிக்கிறார்கள்.
துணியை நாலாக மடித்து, கறுப்பு உள்ளே போக மடித்து,
கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்,
வீட்டில் எங்கே வைப்பது என்று பார்த்தபடி.